என் பேரில் வந்த பெட்டிகள்

குருவி வேலையில் பாஸ்போர்ட் மட்டும்தான் நம்முடையது. டிக்கெட், சாமான், லாபம் எல்லாம் முதலாளியுடையது. அடுத்தவர் சாமானைத் தூக்கியே தோள் தேய்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில், சிங்கப்பூர் போய் முதலாளிக்கு எலக்ட்ரானிக் சாமான் கொண்டுவரும் குருவியாக இருந்தேன்.

வேலை கேட்டபோது

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் வீடியோ கேம் வைத்திருந்தார்கள். வேலை தேடிய நேரம் போக மீதி நேரமெல்லாம் அங்கேதான் இருப்பேன். தங்கை கலாவுக்கும் ஆடிப் பார்க்க ஆசை. ஆனால் பெண் பிள்ளைகள் அந்தக் கடைக்குள் போவதில்லை. உனக்குக் கல்யாணம் ஆவதற்குள் அனகாபுத்தூர் வீட்டுக்கே ஒரு கேம் பெட்டி கொண்டுவருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அதற்காகத்தான் பல்லாவரத்தில் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். எனக்கு வீடியோ கேம் பைத்தியம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சிரித்தார். "தாராளமா ஆடிக்கோ தம்பி. ஆனா பொட்டி என்னுதுன்றத மறந்துடாதே."

பழசாக்கும் வேலை

சிங்கப்பூரில் ஒரே அறையில் ஏழெட்டுக் குருவிகள் அடைந்து கிடப்போம். புதுச் சாமான் என்றால் கஸ்டம்ஸில் வரி போட்டுத் தீட்டிவிடுவார்கள். அதனால் கிளம்புவதற்கு முன், நாமே பயன்படுத்திய சொந்தச் சாமான் என்று தோன்றும்படி எல்லாவற்றையும் பழசாக்க வேண்டும். சிலர் சாவியால் கீறுவார்கள். சிலர் தேங்காயெண்ணெயில் பவுடரைக் குழைத்துத் தடவுவார்கள். நான் மட்டும் கேம் பெட்டியை அறை டிவியில் மாட்டி, பட்டனின் பளபளப்பு போகும்வரை ஆடுவேன். ஊர் பார்க்கக்கூட வெளியே போனதில்லை. கூட வந்த கீழ்க்கட்டளை ஆரோக்கியசாமி அண்ணன் ஒருநாள் சொன்னார்: "நாங்கல்லாம் பொய்யா பழசாக்கிகினு கீறோம். நீ ஒருத்தன்தான்டா நெஜமாவே பழசாக்கிகினு கீற."

கஸ்டம்ஸில் ஒரு ஆட்டம்

ஒருமுறை மீனம்பாக்கத்தில், கேம் பெட்டி என்னுடையது என்று சொன்னதை அதிகாரி ஒருவர் நம்பவில்லை. உன்னுடையது என்றால் ஆடிக் காட்டு என்று உள்ளே கூட்டிப்போய் டிவியில் மாட்டச் சொன்னார். ஆட்டம் தொடங்கியதும் அதிகாரி பக்கத்தில் நிற்பதே மறந்துவிட்டது. அதுவரை தாண்டாத கட்டத்தை அன்று தாண்டினேன். அதிகாரியே பெட்டியை என் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். அதைப் பிடுங்கிக்கொள்ள முதலாளியின் ஆள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. "சந்தேகமே இல்லப்பா, இது உன்னுதுதான். எடுத்துட்டுப் போ" என்றார்.

வீட்டுக்கு வந்த பெட்டி

கலாவின் கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது முதலாளிக்கு மனசு இளகியது. வேறொரு குருவி ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஒன்றை, தங்கைக்குத் தன் சீர் என்று கொடுத்தார். பஸ்ஸில் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன்.

கலா பட்டன்மேல் விரலை வைத்துத் தயாராக உட்கார்ந்தாள். நான் பிளக்கைச் செருகினேன். ஜப்பான் கரண்ட் நம்முடையதில் பாதிகூட இல்லை, நடுவில் டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். முதலாளி சாமானாக இருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன். சொந்தப் பெட்டி என்ற சந்தோஷத்தில் பார்க்கவில்லை. டிவியில் ஒரு கோடு வந்து போனது. பிறகு புகை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கலா பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் கேட்டாள்: "அவ்ளோதானாண்ணா ஆட்டம்?"

எத்தனையோ தடவை கடல் தாண்டிப் போய் எத்தனையோ பெட்டிகளை என்னுடையது என்று சத்தியம் பண்ணிக் கொண்டுவந்திருக்கிறேன். நிஜமாகவே என்னுடையதாக இருந்த ஒரே பெட்டி, பிளக்கைச் செருகியதிலிருந்து புகை வரும்வரைதான் உயிரோடு இருந்தது.