மணிக்கட்டைப் பார்த்தவர்

மகனைச் சேர்ப்பதற்காகப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியைப் பார்க்கப் போயிருந்தோம். சுற்றிக் காட்ட ஆள் கிடையாது. நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள் என்று வாட்ச்மேன் உள்ளே விட்டுவிட்டார். நான் நூலகத்தைப் பார்த்தேன், ஆய்வகத்தை எட்டிப் பார்த்தேன், குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கூடப் பார்த்தேன்.

எங்களைப் போலவே பார்க்க வந்த ஒருவர் கேன்டீன் வாசலை விட்டு நகரவே இல்லை. என் வயதுதான் இருக்கும். கசங்கிய வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட். டீ வாங்க நீளும் பையன்களின் மணிக்கட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னத்தப் பாக்கீங்க அண்ணாச்சி?"

"கயிறுதான். ஒரே கலர் கட்டுனவன்லாம் தனித்தனியா சேந்து உக்காந்திருக்கானுவளான்னு பாக்கேன். மத்தபடி நல்ல காலேஜ்னுதான் சொல்லுதாங்க."

எங்கள் பக்கத்தில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவது எனக்கும் தெரியும். அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

"உங்க பையன் வரலியா?"

"பள்ளிக்கூடத்துல வச்சு கையில வெட்டிட்டானுவ. இன்னும் கட்டுப் பிரிக்கல."

அப்போது என் மகன் டீயோடு வந்தான். அவர் கண் அவன் மணிக்கட்டுக்குப் போனது.

"அது கோயில்ல கட்டுனது அண்ணாச்சி," என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க," என்று பைய சொல்லிவிட்டு அவர் கேட்டைப் பார்த்து நடந்தார்.

பஸ்ஸில் மகனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கோயிலில் கட்டியது என்று எனக்குச் சொன்னதும் அவன்தான்.