மாடிவீட்டுப் பெண்ணின் கேள்விகள்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ராஜபாளையத்தில் இந்த மாடிவீடு என் சம்பாத்தியம். பேண்டேஜ் துணி ஆலையில் தறி பார்த்துக் கட்டியது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

மாடியில் குடியிருந்தவள் சோழபுரத்துப் பெண், நர்ஸ். புருஷன் கனடாவில், பிரெஞ்சு பேசுகிற பக்கத்தில் இருந்தான். இவளும் அங்கே வேலைக்குப் போக வேண்டுமானால் பிரெஞ்சுப் பரீட்சை தேற வேண்டும். டூட்டி இல்லாத நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி வகுப்புக்குப் போவாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே புலம்பல் தொடங்கிவிடும். நாற்காலி பெண்ணாம், கட்டில் ஆணாம். ஏன் என்று கேட்டால் டீச்சர், அது அப்படித்தான் என்கிறாராம். கடைசி எழுத்தை எழுத வேண்டுமாம், வாயால் சொல்லக் கூடாதாம். தொண்ணூறு என்பதற்கு நாலு இருபது, ஒரு பத்து என்று சொல்ல வேண்டுமாம். மல்லித்தழை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொள்வேன்.

அத்தனையும் மனப்பாடம் செய்து எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள். பேச்சுப் பரீட்சையில்தான் போய்விட்டது. அதில் பதில் சொன்னால் மட்டும் போதாதாம். பரீட்சை வைப்பவரை இவளும் கேள்வி கேட்க வேண்டும். எந்த ஊர், என்ன வயது, எத்தனை பிள்ளைகள் என்று. அவருக்கோ நரைத்த தாடி.

"எங்கப்பா வயசு இருக்கும் ஆச்சி. அவியகிட்டப் போயி வயசென்ன, பொண்டாட்டி என்ன பண்ணுதாகன்னு எப்படிக் கேக்க? கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மறுபடியும் பரீட்சைக்குப் பதிந்திருந்தாள். இந்தத் தடவையும் தவறினால், கனடாவில் வேலை தருகிறோம் என்ற ஆஸ்பத்திரி காத்திருக்காது. என்னைக் கேட்டுப் பழகு என்றேன். முதலில் பிரெஞ்சில் கேட்பாள், பிறகு தமிழில் சொல்வாள், நான் தமிழில் பதில் சொல்வேன். முதல் நாள் தரையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"தரையில யாருட்டி இருக்கா? என்னயப் பாத்துக் கேளு."

ஊர், சாப்பாடு எல்லாம் கேட்டு, ஒருநாள் என் வயது என்ன என்றாள். என் மருமகள்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. பழகச் சொன்னவள் நான்தான் என்றாலும் கோபம் வந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டேன். மாடியேறியிருப்பாள் என்று நினைத்து வெளியே வந்தால், அங்கேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பவும் அதே கேள்வி, என் முகத்தைப் பார்த்து. சொல்லிவிட்டேன். இங்கே சொல்ல மாட்டேன்.

தேறிவிட்டாள். விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில் ஒருநாள், மாடிப்படியில் நின்று, பிரெஞ்சு இல்லாமல் நேராகத் தமிழிலேயே கேட்டாள்.

"ஆச்சி, தண்ணி மோட்டாரை ஏன் காலையில மட்டும் போடுதீய? சாயங்காலமும் போட்டா என்ன?"

எத்தனையோ பேர் குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்குச் சாயங்காலமே போட்டேன்.

இப்போது மாடியில் வேறு ஆட்கள். இரண்டு வேளையும் தண்ணீர் வருகிறது. முதலிலிருந்தே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.