கனூவுக்கு ஆள் சேர்த்த கதை

என் மகள் என்னிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. சார்ஜர் எங்கே, குளியலறையில் யார், அவ்வளவுதான். ஆகவே மே மாதத்து ஞாயிறு ஒன்றில், நான் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது, அவள் எதிரே வந்து உட்கார்ந்து, "அப்பா, நாங்கள் ரெண்டு பேரும் கனூவிலை கேம்பிங் போவமா?" என்று கேட்டதும், நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஃபிரிட்ஜ்தான் நின்றது. ஆக, கேட்டது என்னைத்தான்.

கையிலிருந்த போனைத் திருப்பி அவள் ஒரு படத்தைக் காட்டினாள். காருக்கு வழி முடிகிற இடத்தில் ஓர் ஏரி. அதற்கப்பால் காடு. காட்டுக்குள் இன்னும் ஏரிகள். கனூ என்கிற அந்த ஒடுங்கின வள்ளத்தை வலித்துக்கொண்டு போய், ஏரி முடிந்ததும் அதையே தலைமேல் கவிழ்த்துச் சுமந்து நடந்து, அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். அங்கே ஒரு கரையில் கூடாரம் அடித்து, மூன்று நாட்கள் மீன்பிடித்துச் சாப்பிட வேண்டும். போன் வேலை செய்யாது. பள்ளிக்கூட முகாம் ஒன்றில் இவள் கனூ ஓட்டப் பழகியிருந்தாள். செப்டம்பரில் காலேஜ் தொடங்கினால் பிறகு நேரம் வராது என்று சொல்லி, கரையிலே இடமும் பதிவு செய்துவிட்டிருந்தாள்.

"நான் பின்னுக்கு இருந்து திருப்புவன். நீங்கள் முன்னுக்கு இருங்கோ."

"முன்னுக்கு இருக்கிற ஆளுக்கு என்ன வேலை?"

"நான் சொல்லுற பக்கம் வலிக்கிறது. வேறை ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை."

கல்யாணம் கட்டின நாளிலிருந்து செய்துவருகிற வேலைதான். "ஓம்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பட்டர் கத்தியை வைத்துவிட்டு நானும் சிரித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த மூன்று நாட்களையும் மணிக்கணக்கில் எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

இந்த மொன்ட்ரியால் நகரத்தில் பிறந்தநாளோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ எது நடந்தாலும், மைக்கை என் கையில்தான் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் நானே போய் எடுப்பேன். பகிடி விட்டு, மண்டபம் நிறையச் சனத்தைச் சிரிக்க வைப்பேன். கேக் வெட்டப் பிந்தினாலும் சமாளிப்பேன், கரண்ட் போனாலும் மைக் இல்லாமலே சமாளிப்பேன். ஆனால் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, "சாப்பிட்டியோ?" என்பேன். "ம்." "சோதனை எப்பிடி?" "ஓகே." அதோடு என் சரக்கு தீர்ந்துவிடும். றேடியோவைப் போடுவேன். அவள் பகிடிகள் பிரெஞ்சில். என் பகிடிகள் யாழ்ப்பாணத்துத் தமிழில். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது சாப்பாடும் சார்ஜரும் கேட்கப் போதுமான தமிழ். இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு மூன்று நாட்கள், அதுவும் அவளுக்கு முதுகைக் காட்டியபடி, நான் என்ன செய்வேன்?

மகள் வெளியே போனதும் மச்சானுக்குப் போன் எடுத்தேன். மச்சான் என்றால் என் மனைவியின் தமையன், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளி இருக்கிறவர்.

"மச்சான், நானும் பிள்ளையும் காட்டுக்குப் போறம்."

"காட்டுக்கோ? ஏன், வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை மச்சான். கேம்பிங். மீன்பிடிக்க."

"தனியவோ? கரடியெல்லோ நிக்கும்! பொறுங்கோ, நாங்களும் வாறம்."

"வாங்கோவன். நல்லதுதானே."

சொல்லாமல் போனால் குறை நினைப்பார்கள் என்றுதான் எடுத்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். அது பொய்யில்லை. எங்கள் ஆட்கள் ரொறொன்ரோவுக்குப் போவதென்றாலும் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் கார் எடுப்பார்கள். ஆனால் நான் மச்சானோடு நிறுத்தவில்லையே. மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் என் சிநேகிதனுக்கும் எடுத்தேன். அவன் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் தொடங்கிவிட்டான். எனக்குத் தேவைப்பட்டது ஒரு மண்டபம். ஏரிக்கரையில் ஆட்களை வைத்து ஒரு மண்டபம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அவள் உங்களைத்தான் கேட்டவள்" என்றாள் மனைவி. "என்னைக்கூடக் கேக்கேல்லை."

"ஆக்கள் கூடினால் அவளுக்கும் பம்பலும் சிரிப்புமாய் இருக்கும்."

மனைவி கரட்டைச் சீவத் தொடங்கினாள். பதில் இருக்கும்போதுதான் அவள் கரட் சீவுவாள்.

அடுத்த சனிக்கிழமை மச்சான் வீட்டில் கூட்டம். மச்சானின் மனைவி ரோல்ஸ் பொரித்து அடுக்கியிருந்தார். மகள் ஏரிகளின் வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்து மேசையில் விரித்தாள். இரவு தங்கும் கரையைப் பச்சைப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். யாரோ ரோல்ஸ் தட்டை அதன்மேல் வைத்தார்கள்.

"முதலாவது, சோறு எப்பிடிக் காய்ச்சுறது?" என்று மச்சான் கூட்டத்தைத் தொடக்கினார்.

"என்னட்டை அண்டாவொண்டு கிடக்கு" என்றான் மொன்ட்ரியால்-நோர் சிநேகிதன். "கனூவுக்கு நடுவிலை வைச்சால் நிக்கும்."

"அதுக்கும் ஒரு லைஃப் ஜக்கெட் போட்டுவிடு. எங்களிலும் பாக்க அதுதான் முக்கியமான ஆள்" என்றேன் நான். வீடே சிரித்தது. மகளும் சிரித்தாள்.

"பிள்ளை, அங்கை பாத்ரூம் இருக்கோ?" என்று கேட்டார் மச்சானின் மனைவி.

"இருக்கு மாமி. ஒரு குழி. அதுக்கு மேலை மரப்பெட்டி."

"கூரை?"

"கூரை இல்லை."

"அப்ப நான் வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"கரடி வந்தால் எழும்பி நிண்டு வணக்கம் சொல்லுங்கோ, அது மரியாதையான மிருகம்" என்றேன். மறுபடியும் சிரிப்பு. கூரையோடு பாத்ரூம் உள்ள ஏரியாகப் பார்ப்பது என்று முடிவானது.

பிறகு, யாருக்கு நீந்தத் தெரியும் என்ற கேள்வி வந்தது. மகளைத் தவிர ஒருவரும் கை தூக்கவில்லை. கனூ ஆபத்து, மோட்டர் போட் எடுப்போம் என்றார்கள். மோட்டர் போட் ஓட்ட யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. அப்படியென்றால் தண்ணீரில் ஏன் இறங்க வேண்டும்? கரையிலே இருக்கலாமே. கரையில் இருப்பதற்கு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? பாலத்தைத் தாண்டினால் ஒரு பார்க் இருக்கிறது, கார் நிறுத்தலாம், மேசை இருக்கிறது, பார்பிகியூ போட அடுப்பும் இருக்கிறது.

"அங்கை மீன் இருக்கோ?" என்று கேட்டேன்.

"மீனை ஜான்-டலோன் சந்தையிலை வாங்கிக்கொண்டு போவம்" என்றார் மச்சான். "பிடிபடுமோ படாதோ எண்டு ஏன் யோசிப்பான்?"

ரோல்ஸ் முடிவதற்குள் கனூவும் போய், கேம்பிங்கும் போய், மீன்பிடியும் போய், இரவு தங்குவதும் போய்விட்டது. ஒவ்வொன்று போகும்போதும் நான் பக்கத்தில் நின்று ஒரு பகிடியை விட்டு வழியனுப்பி வைத்தேன். ஒன்றையாவது கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

கடைசியில் மச்சானுக்குத்தான் நினைவு வந்தது. "பிள்ளை, நீரெல்லோ முதல் கேட்டது? உமக்கு இது சரிதானே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து, "ஓம் மாமா. எல்லாரும் வந்தால் நல்லதுதானே" என்றாள்.

வடிவான தமிழ். கூடவே ஒரு புன்னகை. அந்தப் புன்னகையை எனக்குத் தெரியும். யாராவது பிரமுகர் மேடையில் அறுத்துத் தள்ளிவிட்டு இறங்கும்போது, மைக்கை வாங்கி "அருமையான உரை" என்று சொல்வதற்காக நான் முகத்தில் போட்டுக்கொள்கிற புன்னகை அது. நான் அவளுக்கு எதையுமே பழக்கவில்லை என்று நினைத்திருந்தேன். இதைப் பழக்கியிருக்கிறேன்.

"என்ன மாதிரித் தமிழ் கதைக்குது பாருங்கோ" என்று எல்லோரும் மெச்சினார்கள். வளர்ப்புக்காக என்னையும் பாராட்டினார்கள். என் காது இரண்டும் கொதித்தன. என்ன செய்வது என்று தெரியாமல், தட்டில் கடைசியாகக் கிடந்த ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டேன். அதற்கு அடியில் பச்சை வட்டத்தில் எண்ணெய் ஊறியிருந்தது.

மனைவி பாத்திரம் கழுவ நின்றுவிட்டாள். நானும் மகளும் நடந்து வந்தோம். டெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில், "ஐஸ்கிரீம் வாங்கட்டோ?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"அப்பா, உங்களுக்குத் தண்ணிக்குப் பயம் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "சொல்லியிருக்கலாமே. நாங்கள் ஆழமில்லாத பக்கமாப் போயிருப்பம்."

கௌரவமான ஒரு கதவை அவளாகவே திறந்துவிட்டாள். தண்ணீருக்குப் பயப்படுவது ஒன்றும் வெட்கமான காரியமில்லை. மச்சானுக்கே பயம்தான். ஓம் என்று தலையைக் குனிந்து உள்ளே போயிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் புன்னகை என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

"தண்ணிக்கும் பயம்தான்" என்றேன். "ஆனால் அதில்லை. மூண்டு நாள் உன்னோடை என்னத்தைக் கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

பகிடி கலக்காமல் நான் பேசிய வசனம். அதனால்தான் அவ்வளவு அவலட்சணமாக வந்தது. அவள் நின்றுவிட்டாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் மூக்கால் ஒரு சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"அதுக்குத்தானே அப்பா மீன்பிடிக்கிறது எண்டு வைச்சனான்! மீன்பிடிக்கேக்கை கதைக்கக்கூடாது."

"நீயும் யோசிச்சனியோ?"

"ஓம். நீங்கள் பகிடி விட்டுக்கொண்டே இருப்பியள். எனக்குப் பாதி விளங்காது. ஆனால் சிரிக்கவேணும். சிரிக்காட்டி நீங்கள் திருப்பியும் சொல்லுவியள்." வரைபடத்தை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, "மூண்டு நாள் சிரிக்கேலாது அப்பா" என்றாள்.

எத்தனை வருடமாகச் சிரித்திருக்கிறாள்? மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, தாயைப் பார்த்து, தாய் சிரிக்கும்போது தானும் சிரித்திருக்கிறாள். எனக்கு முன்னால் சிரிக்கிற சனத்தில் ஓராள் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான்.

"அந்த இடத்தை நான் இன்னும் கான்சல் பண்ணேல்லை" என்றாள்.

மறுநாள் மச்சானுக்குப் போன் எடுத்தேன். பார்பிகியூவுக்கு நாங்கள் வரவில்லை, நானும் மகளும் மட்டும் ஏரிக்குப் போகிறோம் என்று சொன்னேன். வாய் இரண்டு தரம் குழறியது.

"ஏன், பிள்ளை ஏதும் சொன்னவளோ?" என்று கேட்டார்.

ஒரே ஒரு "ஓம்" போதும். இங்கே பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் என்று தலையை ஆட்டிவிட்டு, என்னையும் அவளையும் மன்னித்திருப்பார்கள். அந்த "ஓம்" நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"இல்லை மச்சான். அவள் ஒண்டும் சொல்லேல்லை. அவள் என்னை மட்டும்தான் கேட்டவள். நான்தான் அவளோடை தனியப் போகப் பயந்து, உங்களையெல்லாம் இழுத்தனான்."

"சொந்தப் பிள்ளையோடை போகப் பயமோ?"

"ஓம்."

"அப்ப நாங்கள் உமக்குத் துணைக்கு வந்த ஆக்கள். அவ்வளவுதானோ?"

இதற்கு ஒரு பகிடி என்னிடம் இருக்க வேண்டும். எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "மன்னியுங்கோ மச்சான்" என்றேன். "சரி" என்றார். வைத்துவிட்டார். பாலத்துக்கு அப்பால் பார்பிகியூ நடந்ததை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். படங்களுக்குக் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை.

நாங்கள் புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன், மச்சானின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளிப்படிகளில் இறங்கி ஓடினேன். எஞ்சினை நிறுத்தாமலே இறங்கியவர், டிக்கியைத் திறந்து நீளமான பை ஒன்றை இழுத்துக் கடைசிப் படியோடு சாத்தி வைத்தார்.

"வாங்கோ மச்சான், தேத்தண்ணி குடிச்சிட்டு…"

"இல்லை. வேலை கிடக்கு."

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் யாரும் போனதில்லை. கூரை ஒழுக்கைப் பற்றி என்னோடு சண்டைபிடிக்க வந்த வீட்டுச் சொந்தக்காரர்கூடக் குடித்துவிட்டுத்தான் போனார்.

சத்தம் கேட்டு மகள் மேலே பால்கனிக்கு வந்தாள். அவளைக் கண்டதும் மச்சானின் முகம் விரிந்தது.

"பிள்ளை, இது ரென்ற். மழைக்கு ஒழுகாதாம். அப்பா முதல் போன் எடுத்த அண்டைக்கே போய் வாங்கினது. எல்லாரும் ஒண்டாய்ப் படுக்கலாம் எண்டு பெரிசாப் பாத்து எடுத்தனான். உங்கள் ரெண்டு பேருக்கும் இடம் தாராளமாய்க் கிடக்கும்."

"தாங்ஸ் மாமா. மேலை வாங்கோவன்."

"பேந்தொரு நாளைக்கு வாறன் பிள்ளை. கவனமாப் போட்டு வாரும்."

என் பக்கம் திரும்பும்போது அந்த முகம் மூடிக்கொண்டது. காரில் ஏறிப் போய்விட்டார். கூடாரப் பையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். நல்ல பாரம். தெருமுனையில் அவருடைய கார் திரும்பும்வரை அதைப் பிடித்தபடியே நின்றேன்.

"மாமா ஏன் மேலை வரேல்லை?" என்று மகள் கேட்டாள்.

"என்னிலை கோபம்" என்றேன்.