ஹெலன் மிஸ் கேட்ட கேள்வி

ஹெலன் மிஸ் வகுப்புக்குள் வருவதற்கு முன்பே கொசுவுக்குப் பூசும் களிம்பின் வாசனை வந்துவிடும். கழுத்து, கை, கணுக்கால், காது மடல் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் அதைப் பூசிக்கொண்டு, கடைவீதியில் வாங்கிய தொளதொள சுடிதாரோடும் வெயிலில் சிவந்துபோன முகத்தோடும் வாசலில் நிற்பார். அவ்வளவு பூசியும் எங்கள் ஊர்க் கொசு அவரை விட்டதில்லை. எண்பதுகளின் கடைசி அது, நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை என்பதால் நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் படித்தது திருமுல்லைவாயில் பக்கம், சர்ச்சை ஒட்டியிருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில்.

மிஸ்ஸுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் சேர்வதற்கு முன் ஒரு வருஷம் வெளிநாட்டில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று கிளம்பி, இங்கிலாந்திலிருந்து நேராக எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டவர். வெளிநாடு என்றால் லண்டன் என்று மட்டுமே நினைத்திருந்த எங்களுக்கு, நம்ம ஊரும் ஒருத்திக்கு வெளிநாடுதான் என்பது பெரிய வேடிக்கையாக இருந்தது. தெருவில் அவரை 'தொரசாணி' என்றார்கள். காசு வாங்காமல் ஒருத்தி வேலை செய்கிறாள் என்பதை யாரும் அவ்வளவாக நம்பவில்லை. என் அம்மா மட்டும், "அவங்க வாயையே பாத்துக்கிட்டு இரு, இங்கிலீஷ் தானா வரும்" என்று சொல்லி அனுப்புவார்.

எங்களுக்கு ஆங்கிலத்தில் உருப்படியாகத் தெரிந்தது ஒரே பதில்தான்: "யெஸ் மிஸ்." முன்பு இருந்த டீச்சர் பாடத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு "அண்டர்ஸ்டாண்ட்?" என்பார், வகுப்பே "யெஸ் மிஸ்" என்று கத்தும், புரியவில்லை என்று வாயைத் திறந்தவருக்கு மண்டையில் ஒரு 'குட்டு' விழும், பீரியட் முடியும்வரை நிற்கவும் வேண்டும். ஆகவே அது எங்களைப் பொறுத்தவரை பதிலே இல்லை. யாராவது ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்து கடைசியில் குரலை உயர்த்தி நிறுத்தினால் நாங்கள் போடவேண்டிய சத்தம், அவ்வளவுதான். ஹெலன் மிஸ் இதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் தன் மூக்கைத் தொட்டுக்காட்டி, நான் ஒரு காக்காயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "யெஸ் மிஸ்!" என்றோம் அத்தனை பேரும். மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அன்றிலிருந்து எங்களை 'நோ' சொல்ல வைப்பதே அவருக்கு வேலையாகப் போயிற்று. "என்கிட்ட நோ சொல்லலாம், நான் அடிக்க மாட்டேன்" என்று தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, எழுத்துக் கூட்டுவதுபோல் சொன்னார். தினமும் கோணல் கேள்வியாகக் கேட்பார். சரியான இடத்தில் 'நோ' சொன்னால் ஒரு க்ரீம் பிஸ்கட். அது பெரும்பாலும் எனக்குத்தான் கிடைத்தது. சில மாதங்களில் வகுப்பில் அவர் பேசுவது முழுசாகப் புரிய ஆரம்பித்தது எனக்கு மட்டும்தான், அந்தத் திமிரும் எனக்கு நிறைய இருந்தது.

பிஸ்கட்டில் பாதியைப் பக்கத்தில் உட்காரும் ரோஸ்லின் பிடுங்கிக்கொள்வாள். அவளுக்கு அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அம்மா சவரியம்மா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் பெட்டி கட்டும் வேலைக்குப் போய் அவளை வளர்த்துக்கொண்டிருந்தார். ரோஸ்லினுக்கு இங்கிலீஷும் வராது, பயமும் வராது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மிஸ் எங்களில் இருபது பேரை ஏரிக்கு அழைத்துப் போனார், பறவைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பதற்காக. செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளங்கள் அந்த ஏரியில் அங்கங்கே உண்டு. மேலே தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் தெரியும். ஊர்க்காரர்களுக்கு அது தெரியும், மிஸ்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் கொக்கையும் மீன்கொத்தியையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ரோஸ்லின் என் காதில், "அந்தாண்ட கெண்டை கீதுடி. புட்ச்சிகினு வந்துர்றேன். மிஸ்ஸாண்ட மாட்டி வுட்றாத" என்று சொல்லிவிட்டு வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் போனாள்.

நாலு மணிக்கு மிஸ் எங்களை வரிசையில் நிறுத்தி எண்ண ஆரம்பித்தார். பையன்கள் இடம் மாறி மாறி நின்று விளையாட்டுக் காட்டியதில் கணக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டு, எல்லோரும் இருக்கிறீர்களா, ரோஸ்லின் பின்னால் இருக்கிறாளா என்று ஆங்கிலத்தில் நிதானமாக இரண்டு தடவை கேட்டு, குரலை உயர்த்தி நிறுத்தினார். "யெஸ் மிஸ்!" என்று வரிசையே கத்தியது. கடைசியில் நின்றிருந்த எனக்குக் கேள்வி புரிந்தது. 'நோ' என் வாய்வரை வந்தது. மாட்டிவிடாதே என்று அவள் சொன்னது ஒரு பக்கம், எப்போதும்போல ஓடிவந்து சேர்ந்துகொள்வாள் என்ற நினைப்பு ஒரு பக்கம். எல்லோரும் கத்தியபோது என் வாயும் கூடவே கத்திவிட்டது. பள்ளிக்கூட வாசல்வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் எருமை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் அவளைப் பள்ளத்திலிருந்து தூக்கிக் கரையில் கிடத்தினார். உயிர் இல்லை.

அடுத்த இரண்டு நாள் ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. "சம்பளம் வாங்காம வந்தவளுக்கு இன்னா பொறுப்பு இருக்கும்?" என்று, அதுவரை மிஸ்ஸைக் கண்டால் சிரித்தவர்களே சொன்னார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தை நடத்திய ஃபாதர் தன் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார். ஒரு மூலையில் சவரியம்மா, அழுது முடித்துக் காய்ந்துபோன முகத்தோடு நின்றார். இன்னொரு மூலையில் மிஸ். தான் கேட்டதாகவும் ரோஸ்லின் இருக்கிறாள் என்று பிள்ளைகள் சொன்னதாகவும் அவர் ஃபாதரிடம் சொல்லியிருந்தார். ஃபாதர் என்னைத்தான் கேட்டார், இங்கிலீஷ் புரிந்த பெண் நான்தானே.

"ரோஸ்லின் எங்கன்னு மிஸ் கேட்டாங்களாம்மா?"

மிஸ் என்னைப் பார்த்து, தயவுசெய்து சொல்லு என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். கேட்டார் என்று சொன்னால், யார் பதில் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். நான் சவரியம்மாவைப் பார்த்தேன்.

"கேக்கல ஃபாதர்."

மிஸ்ஸுக்கு அந்த அளவுக்குத் தமிழ் வந்திருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு நாளில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷை வைத்துத்தான் நான் இன்றும் பிழைக்கிறேன். அலுவலகத்தில் யாராவது என் உச்சரிப்பைப் பாராட்டி, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். வெறுப்பாக இருக்கும், என் மேல்தான். வீட்டில் ஒரு பிள்ளை கூப்பிட்டவுடன் குரல் கொடுக்காவிட்டால் இன்றைக்கும் செய்வதை அப்படியே போட்டுவிட்டு வாசல்வரை ஓடுகிறேன். ஏரியில் பாதி இப்போது மனைகளாகி, வீடுகள் எழும்பி, பெயர்ப்பலகை போட்ட தெருக்கள் வந்துவிட்டன. அந்தப் பள்ளம் யார் வீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தங்கையைப் பார்க்கத் திருநின்றவூர் போகும்போதெல்லாம், ரயில் திருமுல்லைவாயிலைத் தாண்டும்வரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அப்படிப் போகையில் எதிர் சீட்டில் சவரியம்மா இருந்தார். நரைத்து, குறுகிப்போயிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. இப்போது திருநின்றவூரில் வாடகைக்கு இருப்பதாகச் சொன்னார். என் பிள்ளைகளை விசாரித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "அந்த வெள்ளக்காரப் பொண்ணு ஒரே ஒரு வாட்டி கேட்டுருந்தா போதும்மா. எம்பொண்ணு இருந்துருப்பா" என்றார்.

"கேட்டாங்கம்மா" என்றேன். "ரெண்டு தடவ கேட்டாங்க. நாங்கதான் இருக்கான்னு சொன்னோம். அவ எங்க போனான்னு எனக்குத் தெரியும். ஃபாதர்கிட்ட நான் சொன்னது பொய்."

அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு அப்ப இன்னா வயசு?"

"பத்தொம்போதும்மா."

"பத்தொம்போதா?" என்றார். "முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. டெய்லி ஜெபமாலை சொல்லி முடிச்சதும், அந்தப் பொண்ணு நல்லாவே இருக்கக் கூடாதுன்னு மாதாகிட்ட கேட்டுகினு கீறேன்மா."

ரயில் நின்றது. கூடையை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து, அவர் இறங்கிவிட்டார். அது பட்டாபிராம். அவருடைய வீட்டுக்கு இன்னும் இரண்டு ஸ்டேஷன் இருந்தது.