மதர்போர்டுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டது அக்காதான். ஆனால் அப்பாவிடம் பேச்சை எடுத்தபோது, "தம்பி கேம் கேட்டு அழுவறானுங்கப்பா" என்றுதான் ஆரம்பித்தாள். நான் அழுதது உண்மை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாமா வீட்டுக்குப் போய், மாமா பையனின் கன்சோலில் கார் ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் காட்டுக்குள் தனியாக இருந்த எங்கள் வீட்டில், பகலில் அம்மாவும் தோட்டத்துக்குப் போய்விட, என் அழுகையைக் கேட்க ஆட்டுக்குட்டிகளை விட்டால் அக்கா மட்டும்தான் இருந்தாள். அவள் அதைச் சரியாகக் கேட்டுக்கொண்டாள்.

"கன்சோல் வாங்குனா ஆட மட்டுந்தானுங்கப்பா ஆகும். அதே காசுக்குப் பார்ட்ஸ் வாங்கி நானே கம்ப்யூட்டர் மாட்டிட்டன்னா, அவனும் ஆடிக்குவான், நானும் என்ற வேலையப் பாத்துக்குவேன்."

அவள் வேலை என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் உருவங்கள் செய்து அவற்றை நடக்க வைக்கிற படிப்பு கோயம்புத்தூரில் இருந்தது. அதற்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதாது, சொந்தமாகச் செய்த படங்களையும் அனுப்ப வேண்டும். அப்பா அதுவரை "பாக்கலாஞ்சாமி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஆட்டுக்குட்டிகளுக்கும் தெரியும்.

ஆனால் பார்ட்ஸ் வாங்கி மாட்டுவது என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் லாரிக்காரர். அடிச்சட்டமான சேஸ் மட்டும் வாங்கி வந்து, நாமக்கல் பட்டறையில் பக்கத்திலேயே நின்று பாடி கட்டினால்தான் அவருக்கு அது நம்ம வண்டி. ரெடிமேட் என்றால் ஓர் இளக்காரம். அடுத்த வாரமே சேலம் போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தோம். அக்கா போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாட்டினாள். இத்தனை வருஷம் கிளீனர்களை விரட்டி வேலை வாங்கிய அப்பா, மகளுக்குக் கிளீனராகித் திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது ஓடத் தொடங்கியபோது என்னைவிட அவருக்குத்தான் அதிக சந்தோஷம்.

சாயங்காலம் நான் கார் ஓட்டி முடித்ததும் அக்கா உட்காருவாள். அவள் ஒரு கோழி செய்தாள். அது கழுத்தை முன்னும் பின்னும் இழுத்து இழுத்துத் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும், நடுவில் நின்று திரும்பிப் பார்க்கும். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். "நம்ம ஊர்க் கோழியாட்டமே நடக்குதே" என்றவர், அம்மாவைப் பார்த்து, "கோயமுத்தூர்ல ஆஸ்டல் எல்லாம் நல்லா இருக்குதான்னு விசாரிக்கோணும்" என்றார். அக்கா தலையைத் தூக்கவே இல்லை. மவுஸ் பிடித்திருந்த கை மட்டும் அப்படியே நின்றது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. லாரியின் வேலை செய்யும் பாகம் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்பது அப்பாவின் வழக்கம். டைனமோ, பேட்டரி, ரேடியேட்டர் எதுவும் தப்பாது. விட்டுப்போன பாகம் நடுவழியில் காலை வாரும் என்று நம்பினார். அன்று லாரியை முடித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டுக்குள் வந்தார். அக்கா அடுப்படியில் அம்மாவோடு சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அப்பா கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினார். கழற்றத்தான் அவருக்கு இப்போது தெரியுமே. மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, ஃபேன் என்று ஒன்றையும் விடாமல், குழைத்த சந்தனத்தில் விரலைத் தோய்த்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்தார். குழந்தைக்கு வைப்பது போல அவ்வளவு மெதுவாக வைத்தார்.

"வேல செய்யற எதையும் உடக்கூடாது சாமி. அக்கா படிப்புக்கு ஆவற சாமானம்" என்றார் என்னிடம்.

நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, அவரே சுவிட்சைப் போட்டார். உள்ளே சின்னதாக ஒரு சத்தம். பெட்டிக்குள் மினுங்கிய விளக்குகள் அணைந்தன. சந்தன வாசத்தோடு வேறொரு நாற்றமும் வந்தது. அக்கா ஓடி வந்து உள்ளே குனிந்து பார்த்தாள். அப்பாவின் விரலைப் பார்த்தாள். நான்தான் வீடே இடிந்துபோகும்படி அழுதேன்.

மறுபடியும் சேலம் போனோம். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஈரச் சந்தனம் பட்டிருக்குதுங்க. கம்பெனில வாரண்டி குடுக்க மாட்டாங்க. டிஸ்க்கும் போயிருச்சுங்க." கோழி அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. அப்பா வெகுநேரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி நடுக்காட்டில் நின்றால்கூட அவர் முகம் அப்படி ஆனதில்லை.

வெளியே வந்ததும், "நமக்குக் கம்ப்யூட்டர் ஆகி வர்ல" என்றார். அத்தோடு அது முடிந்தது. ஒரு சாமான் ஆகி வரவில்லை என்று எங்கள் பக்கத்தில் சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். பூஜையில் அணைந்தது மறுபடியும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மாவும் சொன்னாள். படிப்பும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அக்கா படங்கள் எதுவும் அனுப்பவில்லை. நாமக்கல்லில் பி.காம் சேர்ந்தாள். அது முடிவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவைக் கோபிக்கவும் என்னால் முடியவில்லை, அதுதான் கொடுமை.

ஆனால் அன்றைக்கு எனக்கு அது திருவிழா. அழுத பிள்ளையைச் சும்மா கூட்டிப்போகக் கூடாது என்று அப்பா சேலத்திலேயே ஒரு கடையில் கன்சோல் வாங்கிக் கொடுத்தார். ரெடிமேட்தான். இந்த முறை அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து, அதன் ஒயர்களையெல்லாம் டிவியில் மாட்டிக் கொடுத்தது அக்காதான். பெட்டியில் இரண்டு ரிமோட் இருந்தன. ஒன்றை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"உனக்கும் புடிச்சிருக்குதாக்கா?"

"புடிச்சிருக்குது சாமி, நீ ஓட்டு."

பந்தயம் தொடங்கியது. நான் ஒரு சுற்று போய்த் திரும்பி வந்தபோது, அவள் கார் புறப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியவில்லை என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.