பிட்டரண்ணனுக்குச் சொல்லாத பதில்

கட்டிங் மேஜையில் துணி விரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் சென்னியப்பனின் மருமகன் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து, "மாமா விடியக்காலம் போயிட்டாருங்க" என்றார். மார்வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே முடிந்துவிட்டது. நெருங்கிய நண்பர் போன சேதி கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: இன்றைக்குப் புடலைப் பந்தலுக்கு யார் தண்ணீர் விட்டார்கள்? வெட்கமாகத்தான் இருந்தது. அவரோடு பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மங்கலம் ரோட்டில் எங்கள் பனியன் கம்பெனி. மெஷின் நின்றால் எல்லோருக்கும் பிட்டரண்ணன்தான் வேண்டும். அவருக்கோ கம்பெனிக்குப் பின்னால், கிணற்றுக்கும் பிளீச்சிங் பட்டறைக்கும் நடுவே கிடந்த மூன்று சென்ட் நிலம்தான் வேண்டும். வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து அங்கே போட்ட காய்கறிச் செடிகளுக்குத் தண்ணீர் இறைப்பார். நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவனுக்கு இது எதற்கு வேண்டாத வேலை, சந்தையில் கத்தரிக்காய்க்கா பஞ்சம் என்று நான் கடிந்துகொள்வேன். "உங்களுக்கு வேலைங்க மாஸ்டர். எனக்குச் சொகமுங்க" என்பார். எரிச்சலாக வரும்.

அதோடு விட்டாரா? என் மேஜைக்கடியில் உட்கார்ந்து கட்டிங் வேஸ்டில் மெத்தென்ற துண்டாகப் பார்த்துப் பொறுக்குவார். கொடிக்குக் கயிறு கட்டினால் தண்டு அறுபடும், பனியன் துணி கொடி பருக்கப் பருக்க இழுத்துக் கொடுக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பந்தல் முழுக்க வெள்ளை முடிச்சுகள். நம் ஊரில் மனிதனுக்குப் போட்டது போக மீதி பனியன் புடலங்காய்க்கு என்று கேலி செய்வேன்.

ஒரு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனபோது, போயும் போயும் என்னிடம் தோட்டத்தை ஒப்படைத்தார். முதல் நாள் கிணற்றில் இறைத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. இரண்டாம் நாள் பார்த்தால், பிளீச்சிங் பட்டறையில் துணி அலசிய தொட்டி நிறையத் தண்ணீர், கண்ணாடியாகத் தெளிந்து கிடக்கிறது. இவ்வளவு சுத்தமான தண்ணீரை விட்டுவிட்டு எவனாவது கிணற்றில் இறைப்பானா? மொண்டு மொண்டு ஊற்றினேன். நாலாம் நாள் கத்தரி இலையெல்லாம் வெளிறித் தொங்கிவிட்டது.

மொட்டைத் தலையும் பஞ்சாமிர்தமுமாக வந்தவர் ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"பனியனை வெளுக்கற தண்ணியில கத்திரியையும் வெளுத்துப் போட்டீங்களாட்ட இருக்குதுங்க மாஸ்டர்."

அவ்வளவுதான் சொன்னார். முதலில் பஞ்சாமிர்தம் கொடுத்தார், அப்புறம் மண்வெட்டி கொடுத்தார்.

மேல்மண்ணை வாரிக் கொட்டினேன். எருவுக்கு ஊத்துக்குளிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஊத்துக்குளிக்குப் போகிற மனிதர்கள் வெண்ணெய் வாங்கி வருவார்கள். நாங்கள் சாணி எருவை மூட்டை கட்டி ரயிலில் ஏற்றி வந்தோம். எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. அவர் கால் நீட்டிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்கும் ஒரு வாளி. தினமும் ஒரே கேள்வி: "இப்பச் சொல்லுங்க மாஸ்டர், வேலைங்களா, சொகமுங்களா?" தினமும் ஒரே பதில்: "வேலைதானுங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், முதல் புடலம்பிஞ்சு விட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கப் போனேன். அவர் முன்பே வந்து நின்றிருந்தார். கம்பெனியில் குடையை மறந்துவிட்டேன் என்றேன். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் வாளியை நீட்டினார். இப்படியே பன்னிரண்டு வருஷம் வாயை விடாமல் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினேன்.

காரியம் முடிந்த மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். தோட்டத்தை அழித்துவிட்டுப் புது மெஷினுக்கு ஷெட் போடப் போவதாகச் சொன்னார். "வேண்டாத வேலைன்னு நீங்களே சொல்லுவீங்களே மாஸ்டர்" என்று சிரித்தார்.

"பொய்யுங்க மொதலாளி. சொகமா இருக்குதுங்க. விட்டுருங்க" என்றேன். ஷெட் இப்போது தோட்டத்தை விட்டு மேற்குப் பக்கம் எழும்புகிறது.

பிட்டரண்ணனிடம் இதைச் சொல்லியிருந்தால் கம்பெனி முழுக்கச் சொல்லிக் காட்டி ஒரு மாதம் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பை வீம்புக்காக நானே கெடுத்துக்கொண்டேன். அது எனக்கு ஆறவில்லை. அவருடைய வாளியை நான்தான் வைத்திருக்கிறேன். கை அறுக்காமலிருக்கப் பிடியில் அவர் சுற்றிய பனியன் துணி அப்படியே இருக்கிறது. இன்று காலை நாற்பது வாளி இறைத்தேன். முதுகு விண்ணென்று தெறிக்கிறது. பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, பந்தலுக்கடியில் நின்று சத்தமாகவே சொன்னேன்:

"சொகந்தானுங்க பிட்டரண்ணா."