பச்சையாக மாறாத பட்டன்

வெப்சைட் ஓடும் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை மட்டுமே தெரிந்த நான், எங்கள் திண்டிவனம் ஆபீசில் வெப் பக்கத்தை அழகாக்கும் சிஎஸ்எஸ் கற்கத் தொடங்கினேன். நீல நிற பட்டன் ஒன்றைப் பச்சையாக்கினேன். மூன்று முறை மாற்றியும் என் திரையில் அது நீலமாகவே நின்றது. டிசைனர் ஸ்டெல்லாதான், தன் வேலையில் நான் கைவைக்கிறேன் என்ற பொறாமையில் பழையபடி மாற்றுகிறாள் என்று நினைத்தேன். அவள் டீ குடிக்கப் போனதும் அவளுடைய கம்ப்யூட்டரைத் துழாவினேன்.

"இன்னா சார் தேடிக்கினு இருக்கீங்க?"

திரும்பினால் ஸ்டெல்லா. மறைக்க முடியாமல் என் சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன். அவள் தன் போனில் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பட்டன் பச்சையாக இருந்தது.

"உங்க பிரவுசர் பழைய ஃபைலையே வெச்சிக்கினு காட்டுது. ஒரு வாரம் வெச்சிக்கணும்னு சர்வர்ல செட்டிங் போட்டதே நீங்கதான் சார்."

பக்கம் வேகமாகத் திறக்கிறது என்று நான் பெருமையடித்துக்கொண்ட செட்டிங் அது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றாள்.

மறுநாள் டீ குடிக்கப் போகும்போது கம்ப்யூட்டரை லாக் செய்துவிட்டுப் போனாள். அதற்கு முன் ஒருநாளும் அவள் அப்படிச் செய்ததில்லை.